வெறும் வயிற்றில் ஒரு குடம் தண்ணீர்

“நல்லா நடக்கச் சொல்லுங்க.”

கோயமுத்தூர் டாக்டர் சொன்னது இவ்வளவுதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை. வியாதி எனக்கு, கால் என்னுடையது, நடக்க வேண்டியவளும் நான். ஆனால் அவர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே பேசி முடித்து, சீட்டை எழுதி, மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எப்போது நடப்பது, சாப்பிட்டுவிட்டா சாப்பிடாமலா, எவ்வளவு தூரம், ஊசி போட்ட கையோடு நடக்கலாமா, ஒன்றும் கிடையாது. அந்த அரைகுறைப் பேச்சினால் நான் சாகக் கிடந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோபமாக எழுதியிருக்கிறாளே என்று யாராவது சொன்னால், ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நடந்தது எழுபதுகளின் நடுவில். எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் தோட்டம். ரேஷன் கார்டு கேரளத்தது, பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு. கரும்பும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். ஒரே மகளை உடுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டோம். தோட்டத்து வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும்தான். புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கைக்குச் சின்ன வயதிலேயே புருஷன் தவறிவிட்டார். பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, குடும்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர். எந்தக் கன்றை விற்பது, யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்பதெல்லாம் நங்கை வாயிலிருந்துதான் வரும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னால் சொன்னதுதான், அவ்வளவே.

எனக்கு முப்பத்தொன்பது வயதில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆயிற்று. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. குடித்ததெல்லாம் ஒண்ணுக்காகப் போயிற்று. கோயமுத்தூரில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுத்தேன். கம்பவுண்டர் கண்ணாடிக் குழாயில் நீலமாக ஒரு மருந்தை ஊற்றி, அதில் என் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறம் என்றால் மிதமிஞ்சி இருக்கிறது என்று அர்த்தம். நாம் சாப்பிடுகிற சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஓடுகிறது. அதை உடம்பு எடுத்துச் செலவழிக்க இன்சுலின் என்று ஒன்று வயிற்றுக்குள்ளேயே சுரக்க வேண்டுமாம். எனக்கு அது போதவில்லை. ஆகவே வெளியிலிருந்து ஊசியாகப் போட வேண்டும், தினமும், ஆயுசுக்கும்.

ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். யாருக்கு? என் வீட்டுக்காரருக்கு. ஒரு சாத்துக்குடியில் குத்திக் குத்தி அவர் பழகியபோது நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டாவது வரை படித்தவள், அண்ணன் மகள் பிரசவத்தில் குழந்தைக்குத் தொப்புள்கொடி அறுத்தவள். எனக்கு ஊசி பிடிக்க வராது என்று அந்தக் கம்பவுண்டருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

அன்றிலிருந்து வெடியக்காலை ஆறு மணிக்கு அவர் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து என் தொடையில் போடுவார். ஆறரைக்கு நான் சாப்பிடுவேன். மருந்துக் குப்பியை ஈர மணல் போட்ட சட்டியில் வைத்திருந்தோம். இதுவரை சரி. நடை என்று வந்தபோதுதான் கூத்து ஆரம்பித்தது.

“தோட்டத்துல நடக்கறது பத்தாதா? அதுக்குன்னு தனியா ஒரு நடையா?” என்றார் என் வீட்டுக்காரர்.

தோட்டத்தில் எங்கே நடக்கிறேன்? கடலை உரிக்க உட்கார்ந்தால் மத்தியானம் வரை உட்கார்ந்தபடிதான். அடுப்புக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில் பத்தடி. சரி, டாக்டர் சொன்னதைச் செய்வோமென்று வாய்க்கால் மேட்டில் கையை வீசிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். முதல் நாள் எதிரே வந்தவர்கள், “ஏனுங்க, எங்க போறீங்க?” என்றார்கள். சும்மா என்றேன். ஒரு குடியானவன் வீட்டுப் பெண்பிள்ளை, கையில் ஒரு கூடைகூட இல்லாமல், சும்மா போகிறாளாம்! மூன்றாம் நாள் பொள்ளாச்சியிலிருந்து என் அண்ணன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். நான் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டதாக யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்தவருக்குக் கோழி அடித்துச் சோறு போட்டு அனுப்பினோம். அத்தோடு அந்த நடை நின்றது.

சித்திரையில் மாரியம்மன் கோவிலில் பூச்சாட்டி நோன்பைத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்து நோன்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோவிலுக்கு முன்னால் மூன்று கவையாகக் கிளை பிரிந்த மரத்தை நட்டு அதைக் கம்பம் என்பார்கள். அது அம்மனுடைய புருஷன் என்று ஐதீகம். கம்பம் நட்ட நாளிலிருந்து பிடுங்குகிற நாள் வரை, பதினைந்து நாளும் விடியலில் பெண்கள் தலைக்குக் குளித்து, ஈரச்சேலையோடு, வாயில் பச்சைத் தண்ணீர் படாமல், செருப்பில்லாமல், குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்ற வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து கோவிலுக்கு ஒன்றேகால் மைல்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது! இடுப்பில் குடம் இருந்தால் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். போக ஒன்றேகால், வர ஒன்றேகால். டாக்டர் சொன்னதும் ஆச்சு, சாமி காரியமும் ஆச்சு என்று நானே என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வழக்கம்போல் ஊசி. ஆனால் ஆறரைக்குச் சாப்பாடு இல்லை. குடத்தோடு நடந்து, கம்பத்தடியில் வரிசையில் நின்று, ஊற்றி, மூன்று சுற்று சுற்றி, வீடு வந்து சாப்பிட ஒன்பது மணியாகும். முதல் மூன்று நாள் திரும்பி வரும்போது கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, ஈரச்சேலைக்கு மேல் வேர்த்தது. பழக்கமில்லாத நடை, அதனால் என்று நினைத்தேன். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை ஊசி ஒரு பக்கம் இறக்குகிறது, நடை இன்னொரு பக்கம் இறக்குகிறது, வயிற்றிலோ ஒன்றுமில்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஏறினால் ஆபத்து என்றுதான் சொல்லியிருந்தார்கள். இறங்கினாலும் ஆபத்து என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை, நல்ல கூட்டம். வரிசையில் வெகு நேரம் நின்றேன். உருமி அடிக்க ஆரம்பித்தார்கள். கம்பம் இரண்டாகத் தெரிந்தது. உதடு மரத்துப்போயிற்று. பக்கத்தில் நின்றவள்மேல் காரணமில்லாமல் ஒரு எரிச்சல் வந்தது. குடம் இடுப்பிலிருந்து நழுவியது தெரியும். அப்புறம் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் ஆடினேனாம். தலை துவண்டு, கையும் காலும் வெட்டி, உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றி, குழறிக் குழறிப் பேசினேனாம். உருமிக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்களாம். பின்னே? நோன்பு காலம், கம்பத்தடி, ஈரச்சேலை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான். அருள் வந்துவிட்டது.

பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்ற, ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவர் மழையைப் பற்றிக் கேட்டாராம், ஒருவர் காணாமல் போன எருமையைப் பற்றி. பிறகு நங்கை முன்னால் வந்து கைகூப்பி, “தாயே, இவளுக்குத் தெனமும் ஊசி குத்தறமே, அது உனக்குச் சம்மதமுங்களா?” என்று கேட்டாராம்.

“வேண்டாம், வேண்டாம், வேண்டாம்” என்றேனாம். மூன்று தரம்.

அதற்குப் பிறகு வாயில் பானகத்தை ஊற்றியிருக்கிறார்கள். வெல்லம் கரைத்த தண்ணீர். ஒரு சொம்பு உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் நான் கண்ணைத் திறந்து, “எங்குடம் எங்க?” என்றேன். ஆத்தா மலையேறிவிட்டாள் என்று குலவை போட்டார்கள். மாரியாத்தாமேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அவள் சன்னதியில் வெல்லத்தண்ணீர் இருந்ததால்தான் பிழைத்தேன்.

அன்று சாயங்காலம் நங்கை ஊசிப் பெட்டியை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். “நோம்பு முடிஞ்சு காப்பு அவுக்கற வரைக்கும் ஊசி கிடையாது. ஆத்தாளே வேண்டாமின்னுட்டா.”

என் வீட்டுக்காரர் தயங்கினார். “டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்க அக்கா.”

“ஆத்தாளக் காட்டீலும் டாக்டர் பெருசா?”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை, அதை மறைக்க மாட்டேன். காலையிலிருந்து என்னைக் கண்டவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் வந்து காலைத் தொட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒருவேளை ஆத்தாள் உண்மையிலேயே வந்திருப்பாளோ என்று உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. என் மேலேயே எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

ஊசி இல்லாமல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் தாகம் வந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது பாருங்கள். ஊசி இல்லாவிட்டால் என்ன, நடந்தே சர்க்கரையைக் கரைத்துவிடலாம்! டாக்டரே நடக்கத்தானே சொன்னார்? காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் என்று இரண்டு நடை ஆக்கினேன். அருள் வந்தவள் என்று பார்க்கிறவர்களெல்லாம் பானகமும் இளநீரும் கொடுத்தார்கள். தாகத்துக்கு இதமாக இருந்தது, குடித்தேன். குதிகாலில் ஏதோ கிழித்து ரத்தம் வந்திருக்கிறது. நங்கை தரையில் கறையைப் பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. வலியே இல்லை. அதையும் ஆத்தாளின் கிருபை என்று எடுத்துக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் வாந்தி, வயிற்றைப் பிசைகிற வலி. ஆறாம் நாள் ஓடி வந்தவள்போல் மூச்சு வாங்கியது, படுத்திருந்தபோதுகூட. வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாசம். நங்கை குனிந்து மோந்து பார்த்து, “பழ வாசம் அடிக்குது. ஆத்தா இன்னும் உள்ளதான் இருக்கறா” என்று வேப்பிலையால் விசிறினார். ஏழாம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கு நான் பதில் சொல்லவில்லையாம். அவர் அக்காவிடம் ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் போய் வாடகைக் காரோடு வந்தார். தன் ஆயுசில் அக்காவைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவரும் கூட வந்த நங்கையும் பாலக்காட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பாயில் கிடத்தினார்கள். சீட்டு எழுதுகிறவர் மலையாளத்தில் கேட்டதும் இவர்கள் தமிழில் சொன்னதும் ஒட்டாமல் கொஞ்ச நேரம் வீணாயிற்று. அந்த வழியாகப் போன ஒரு நர்ஸ் நின்று, என் முகத்துக்கு நேரே குனிந்து மூச்சை மோந்துவிட்டு, “டாக்டரே!” என்று கத்தினார். நங்கை சாமி வாசம் என்று கும்பிட்ட அதே வாசத்தைத்தான் அவரும் மோந்தார். அந்த நர்ஸ் பெயர் ஏலியம்மா. கோட்டயத்துக்காரர்.

அந்த வாசத்துக்கு அசிட்டோன் என்று பெயர். இன்சுலின் இல்லாத உடம்பு, சர்க்கரை நிறைய இருந்தும் அதை எடுத்துக்கொள்ள முடியாமல், தன் கொழுப்பையே எரிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ரத்தம் புளித்துப்போகும். அந்த நிலையில் நடந்தால் சர்க்கரை குறையாது, இன்னும் ஏறும். நான் இரண்டு வேளையும் குடம் சுமந்து என் சாவை நானே அவசரப்படுத்தியிருக்கிறேன்.

கையில் சலைன் ஏற்றினார்கள். மணிக்கு மணி சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்து ஊசி போட்டார்கள். டாக்டர் வந்து என் வீட்டுக்காரரிடம், “ஊசி முடங்காம போட்டிருந்தீங்களா?” என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நங்கை, “ஒரு நாள் தவறாம போட்டமுங்க” என்றார்.

அரைமயக்கத்தில் எனக்குக் காதில் விழுந்தது. பேச நாக்கு எழவில்லை. தினமும் போட்டும் இப்படியா என்று டாக்டர் குழம்பினார். மருந்து கெட்டுப்போயிருக்குமோ, வேறு நோய் ஏதும் உள்ளே இருக்குமோ என்று நர்ஸிடம் பேசிக்கொண்டார். உயிர் ஊசலாடும் இடத்திலும் குடும்ப மானம்!

என் வீட்டுக்காரர் வராந்தா வரை போனவர் திரும்பி வந்தார். “இல்லீங்க டாக்டர். ஏழு நாளா போடலீங்க. அக்கா சொன்னாங்க, நான் நிறுத்தீட்டனுங்க. தப்பு என்மேலதானுங்க.” சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நங்கை அடுத்த பஸ்ஸுக்கு ஊர் போய்விட்டார்.

மூன்று நாளில் தெளிந்தேன். குதிகால் புண் ஆற வேண்டி மொத்தம் பதினாறு நாள் அங்கே இருந்தேன். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும், முள் குத்தினால்கூடத் தெரியாது, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று ஏலியம்மா சொன்னார். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத என் வீட்டுக்காரர் அந்தப் பதினாறு நாளும் ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் பெண்களுக்கு நடுவே என் சேலையைத் துவைத்துக் காயப் போட்டார். கேலி செய்தவர்களுக்கு, “சேல என்ற பொண்டாட்டிதுங்க, உங்களுக்கென்ன?” என்றார். அதைக் கேட்டுப் படுக்கையில் கிடந்தபடியே சிரித்தேன்.

புண் ஓரளவு ஆறியதும் ஒரு காலை ஏலியம்மா ரப்பர் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே போட்டார். “எழுந்திரு ருக்குமணி. வராந்தாவில நடக்கணும்.”

“நடந்ததாலதானுங்க சிஸ்டர் இங்க வந்து கெடக்கறேன்.”

“நடந்ததால இல்லா. பட்டினி கிடந்து நடந்ததால. பின்னே ஊசி போடாம நடந்ததால. நடக்கறது நல்ல மருந்து. மருந்துன்னா அளவு வேண்டே?” என்று அதட்டினார்.

அந்த மனுஷி ஒரு வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அந்தக் கோயமுத்தூர் டாக்டர் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஊசி, பிறகு சாப்பாடு, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நடை. நடக்கிற நாளில் ஊசியைத் தொடையில் போடாதே, வயிற்றில் போடு. தொடை வேலை செய்தால் மருந்து வேகமாக இறங்கும். எடுத்த எடுப்பில் இரண்டு மைல் வேண்டாம். கால் மணியில் தொடங்கி வாரா வாரம் கூட்டு. பேச முடிகிற அளவுக்குத்தான் வேகம். நெஞ்சு வலித்தால் உடனே நில். காய்ச்சல், வாந்தி என்றாலும் செங்கல் நிறம் காட்டினாலும் அன்றைக்கு நடையே வேண்டாம். ஆனால் ஊசியை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதே. முந்தானையில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம்.

ஊசியும் என் கையிலேயே கொடுத்தார். “உன் வயறு, உன் கை. பயப்படாதே.” முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். எறும்பு கடித்த அளவுதான். இதற்கா இத்தனை நாள் இன்னொருவர் கையை எதிர்பார்த்திருந்தேன்!

ஒரு நாள் காலையில் இட்லி எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றைத் தின்றுவிட்டு மீதியை மறைத்து வைத்துவிட்டு நடக்கப் போனேன். பதினாலாவது சுற்றில் கை நடுங்கியது. வேர்த்தது. உதடு மரத்தது. தூண் இரண்டாகத் தெரிந்தது. எதிரே வந்த ஏலியம்மாமேல் காரணமில்லாமல் ஓர் எரிச்சல். அவர் ஓடி வந்து என்னைத் தரையில் உட்கார வைத்து ஒரு பிடி சர்க்கரையை வாயில் திணித்துத் தண்ணீர் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது.

“இதுதான் லோ ஷுகர். சர்க்கரை கீழே போறது. இது எப்படி இருந்ததுன்னு நல்லா ஓர்மை வச்சுக்கோ, மனசிலாயோ?”

எனக்கு நன்றாகவே மனசிலாயிற்று. உருமி மட்டும்தான் இல்லை, மற்றபடி கம்பத்தடியில் எனக்கு வந்தது இம்மி பிசகாமல் இதேதான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏலியம்மா பயந்து அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டினார். பயமில்லை. அந்தக் கடைசி ஆசையும் போய்விட்டது. ஆத்தாளும் வரவில்லை, ஒருத்தியும் வரவில்லை. ஒரு கைப்பிடிச் சர்க்கரைக்கு வழியில்லாமல் ஒரு பெண்பிள்ளை செத்துக்கொண்டிருந்தாள், சுற்றி நின்று எருமை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். வயிறெரிந்தது எனக்கு.

வீடு திரும்பிய அன்றே நங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சத்தம் போட்டேன் என்றே சொல்லலாம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை.

“ஆத்தாளப் பத்தி அப்படிப் பேசாத அம்மிணி. நாக்கு அழுகிப்போகும்” என்றார்.

“நாக்கு அழுகறது இருக்கட்டுங்க. காலு அழுகியிருக்கும். இனி என்ற ஊசியத் தொட்டீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன், நெசமாவே.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பத்துப் பன்னிரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. சோற்றைக்கூடத் தானே போட்டுக்கொண்டார். நான் காலையில் ஊசி போட்டு, சாப்பிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் நடந்தேன். பார்க்கிறவர்கள் பார்த்தார்கள், பேசுகிறவர்கள் பேசினார்கள். ஆனால் வீட்டுக்குள் நங்கையின் மௌனம் என்னை அரித்தது. இந்த ஊரில் அவர் வாய் பெரிய வாய். மறுபடி ஒரு நோன்பு, மறுபடி ஒரு காய்ச்சல், நான் நினைவில்லாமல் கிடக்கும் ஒரு நாள் வந்தால், ஊசிப் பெட்டிச் சாவி யார் கைக்குப் போகும்? என் வீட்டுக்காரர் அப்போதும் சைக்கிளை எடுப்பார் என்று என்ன நிச்சயம்?

ஒரு வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரர் மடை திருப்பப் போயிருந்தார். நான் சமையலறை மூலையில், ஏலியம்மா சொல்லி வாங்கி வந்த ஸ்பிரிட் விளக்கை ஏற்றிவைத்து என் சிறுநீரைச் சோதித்து, குழாய் நீலமாகவே நின்றதைப் பார்த்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். நங்கை வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தானைக்குள் எதையோ மறைத்திருந்தார்.

“மறுக்கா ஒருக்கா கொளுத்து” என்றார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். “நெம்ப நாளா எனக்கும் நாவறட்சிதான். ஆருகிட்டயும் சொல்லல. காலு மரத்து மதமதங்குது.”

விளக்கை மறுபடி ஏற்றினேன். நீல மருந்தை ஒரு ஸ்பூன் அளவு ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டு, தீயில் காட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை வந்தது. மஞ்சள் வந்தது. அங்கே நிற்கட்டும் என்று நான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நிற்கவில்லை. செங்கல் நிறத்துக்குப் போயிற்று.

நங்கை என் கையைப் பிடித்தார். அவருக்கு அந்த நிறம் தெரியும். நான் சத்தம் போட்ட அன்று நிறங்களையெல்லாம் சொல்லித்தான் சத்தம் போட்டிருந்தேன்.

“ஊசியா?” என்றார்.

“அத டாக்டர் சொல்லோணுங்க. மாத்திரையாவும் இருக்கலாம். நாளைக்கே பாலக்காடு போலாம். அங்க போயி நடந்தது நடந்தபடி நீங்களே உங்க வாயால சொல்லோணும். அப்பறம் சாப்பாடு எப்ப, நடை எப்ப, எவ்வளவு, கால எப்படிப் பாத்துக்கறதுன்னு எல்லாத்தையும் நான் சொல்லித்தர்றேன்.”

அவர் தலையை ஆட்டினார். ஆனால் கண் சுவரில் மாட்டியிருந்த மாரியம்மன் படத்துக்குப் போயிற்று. கை தானாகக் கன்னத்துக்குப் போகப் பார்த்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் திரும்பவும் வந்தது. ஆனால் சத்தமாக வரவில்லை.

“நங்கை, இங்க பாருங்க. எனக்கு இப்ப அருள் ஒண்ணும் வரல. வெடியால ரெண்டு உருண்டை ராகிக்களி தின்னுட்டு நல்ல நெனவோட பேசறேன். இப்பச் சொன்னாக் கேப்பீங்களா?”

நங்கை படத்திலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, “சொல்லு” என்றார்.